வீடு தருகிறார்கள் சரி, மனை எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

குடிசைகளுக்குப் பதிலாகக் கட்டித் தரும் வீடுகளைப் பற்றி உங்கள் நாளிதழில் அடிக்கடி செய்தி வருகிறது. பயனாளி கையில் சாவி, பக்கத்தில் அமைச்சர் அல்லது கலெக்டர், பின்னால் வெள்ளையடித்த புது வீடு. நல்ல செய்திதான். நான் திருத்துறைப்பூண்டி வட்டத்தில் கொத்தனார் வேலை பார்க்கிறவன். அரசாங்க வீடுகள் நிறையக் கட்டியிருக்கிறேன், என் வீட்டில் உலை கொதித்ததில் பாதி அந்த வேலையால்தான். அதனால் திட்டத்தைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. அந்தப் படங்களில் ஒருநாளும் வராத ஒரு கூட்டம் எங்கள் பக்கத்தில் இருக்கிறது, அவர்களுக்காக எழுதுகிறேன். கொஞ்சம் நீளும். வெட்டாமல் போட முடிந்தால் போடுங்கள்.

பழைய ஆட்கள் கீழத் தஞ்சை என்று சொல்லும் இந்தக் கடைமடையில், முள்ளியாறு, அடப்பாறு, அரிச்சந்திரா நதி, வெள்ளையாறு, பாண்டவையாறு, இதில் எந்த ஆற்றங்கரையில் வேண்டுமானாலும் வண்டியை ஓட்டிக்கொண்டு போங்கள். கரைச் சரிவில் குடிசைகள் இருக்கும். கீற்றுக்கு மேல் தார்ப்பாய், தார்ப்பாய்க்கு மேல் பழைய பிளெக்ஸ் பேனர், பேனரில் ஏதோ ஒரு தலைவர் தலைகீழாகக் கும்பிட்டுக்கொண்டிருப்பார். ஆற்றங்கரையில் இருப்பவர்கள் போக வாய்க்கால் கரை, குளத்தங்கரை, சாலையோரம், கோயில் மனை, மடத்து மனை, பழைய பண்ணையின் மனை என்று இன்னும் பல பேர். இவர்கள் மனு கொடுத்தால் முதல் கேள்வியே "பட்டா இருக்கா?" என்பதுதான். அதோடு அந்த மனு முடிந்தது.

2024-ல் கலைஞர் கனவு இல்லம் என்று அறிவித்தார்கள். 2030-க்குள் குடிசை இல்லாத தமிழ்நாடு, 8 லட்சம் வீடுகள், வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய், 360 சதுர அடி. அதற்கு முன்னால் 2011-ல் பசுமை வீடு, 300 சதுர அடி, 1 லட்சத்து 80 ஆயிரம், கூடவே சோலார் விளக்கு. அதற்கும் முன்னால் 2010-ல் கலைஞர் வீடு வழங்கும் திட்டம். நடுவில் பிரதமர் வீடு. இதற்கெல்லாம் மூத்தது இந்திரா நினைவுக் குடியிருப்பில் கட்டிய தொகுப்பு வீடு. ஆட்சிக்கு ஆட்சி பெயர் மாறியது, தொகை ஏறியது, பட்டா கேட்பது மட்டும் அப்படியே நின்றது. அப்படியானால் ஒவ்வொரு தடவையும் விடுபட்டது யார்? அதே ஆட்கள்தான், அப்புறம் அவர்களுடைய பிள்ளைகள். எங்கள் ஊர்ப் பக்கம் இன்னும் மிச்சமிருக்கிற குடிசைகளில் எத்தனைக்குப் பட்டா இருக்கிறது என்று ஒரு தடவை எண்ணிப் பார்த்தாலே, 2030 கணக்கு எங்கே போய் முட்டும் என்று தெரிந்துவிடும்.

இவர்களை ரெக்கார்டில் ஆக்கிரமிப்பாளர் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். எனக்கு அந்த இடத்தில்தான் கோபம் வரும். இவர்கள் தாத்தாவும் பாட்டனும் தாங்களாக வந்து கரையைப் பிடித்தவர்கள் இல்லை. மிராசுதார் நிலத்தில் பண்ணையாளாக இருந்தவர்கள். வயலுக்குக் கிட்டத்தில் இருந்தால்தான் கூப்பிட்ட நேரத்துக்கு மடை பார்க்க, நாற்று பறிக்க ஆள் வரும் என்று பண்ணையார் காட்டிய இடத்தில் குடிசை போட்டவர்கள். காட்டிய இடம் எப்போதும் பள்ளமாக இருக்கும், அல்லது கரையாக இருக்கும். மேட்டில் அக்ரஹாரம், அதை ஒட்டிக் குடியானத் தெரு, ஊர்த் தண்ணீரெல்லாம் வடிந்து வந்து நிற்கிற இடத்தில் சேரி. டெல்டாவில் எந்தப் பழைய ஊரையும் மழைக்காலத்தில் சுற்றி வந்தால் யார் எங்கே வைக்கப்பட்டார்கள் என்று கணுக்காலிலேயே தெரியும்.

மனை பண்ணையாருடையது என்றால் வாயும் அவருடையதுதான். கூலி ஏற்றிக் கேட்டால் குடிசையைப் பிரி என்பார்கள். கம்யூனிஸ்ட் தலைவர் பி. சீனிவாசராவ் வந்து விவசாயத் தொழிலாளிக்குச் சங்கம் கட்டிய பிறகு, சாணியைக் கரைத்துக் குடிக்க வைக்கிற சாணிப்பாலும் சவுக்கடியும் போயிற்று, ஆனால் மனை பயம் போகவில்லை. 1968 டிசம்பர் 25 ராத்திரி கீழவெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 பேர் எரிந்ததும் நெல்லுக் கூலித் தகராறில்தான், இது உங்கள் வாசகர்களுக்குத் தெரியாதது இல்லை. அதற்குப் பிறகு கூலிப் பிரச்சினையை ஆராய அரசு கணபதியாப் பிள்ளை ஆணையம் போட்டது, 1969-ல் நியாயக் கூலிச் சட்டம் வந்தது, 1971-ல் விவசாயத் தொழிலாளி குடியிருக்கும் மனை அவனுக்கே சொந்தம் என்று தனிச் சட்டம் வந்தது. பெரிய சட்டம் அது. காலனிகளில் இன்றைக்குப் பட்டாவோடு இருக்கிற பல குடும்பங்களுக்கு அதுதான் ஆதாரம், கலைஞர் ஆட்சியில் வந்தது, அந்தப் பெருமையை யாரும் குறைக்க வேண்டாம்.

ஆனால் அதற்குப் பிறகு அரை நூற்றாண்டுக்கு மேல் ஓடிவிட்டது. அன்றைக்கு ஒரு குடும்பத்துக்குக் கொடுத்த மனையில் இன்றைக்கு நாலு குடும்பம். தாத்தா பெயரில் ஒரே பட்டா, தாத்தா இல்லை, வாரிசுச் சான்று வாங்கவில்லை, உட்பிரிவு செய்யவில்லை, செய்தாலும் ஆளுக்கு முக்கால் சென்ட் வரும். அதில் 360 சதுர அடி வீட்டை எப்படி நிறுத்துவது? மேலேயா கட்டுவது? அண்ணனுக்கு வீடு வந்தால் தம்பி குடிசையைப் பிரித்துக்கொண்டு கரைக்குப் போகிறான். புதுசாக ஒரு ஆக்கிரமிப்பாளர் அப்படித்தான் பிறக்கிறார்.

இன்னொரு ரகம் இருக்கிறது, கையில் பட்டா இருக்கும், இடம் இருக்காது. விழாவில் வரிசையில் நிற்க வைத்துக் கொடுத்த இலவச மனைப் பட்டா, 3 சென்ட், லேமினேட் செய்து சாமி படத்துக்குப் பின்னால் பத்திரமாகச் சொருகி வைத்திருப்பார்கள். உங்கள் மனை எதும்மா என்று கேட்டால் தெற்கே கையை நீட்டி அந்தக் கோரைக்குள்ளே எங்கேயோ என்பார்கள். சர்வேயர் வந்து அளந்து கல் நட்டுக் கொடுக்கவே இல்லை. சில இடத்தில் நிலத்தை எடுத்ததை எதிர்த்து நிலக்காரர் கோர்ட்டுக்குப் போய்விட்டார். சில இடத்தில் அளந்து கொடுத்தார்கள், ஆனால் அது இடுப்பளவு பள்ளம், மனையை மேடாக்குவதற்கே ஒரு வீட்டுக்காசு வேண்டும்.

கோயில் மனை தனிக்கதை. எங்கள் மாவட்டங்களில் கோயிலுக்கும் மடங்களுக்கும் இருக்கும் நிலம் கொஞ்சமில்லை. அதில் தலைமுறை தலைமுறையாக அடிமனைக்கு வாடகை கட்டிக் குடியிருப்பவர்களுக்கு வீடு இவர்களுடையது, தரை சாமியுடையது. வாடகையை ஏற்றி நிர்ணயித்து, பாக்கி என்று நோட்டீசும் வருகிறது. சாமி சொத்தைச் சும்மா எழுதிக் கொடு என்று நான் சொல்ல மாட்டேன், அப்படிக் கொடுத்தால் நாளைக்குக் கோயில் விளக்குக்கு எண்ணெய் இருக்காது. ஆனால் வாடகை வாங்குகிற அளவுக்கு இவர் குடியிருப்பவர், வீடு கேட்கும்போது மட்டும் இடமில்லாதவர் என்றால் அது என்ன கணக்கு?

சரி, பட்டா இருக்கிறது, ஆர்டரும் வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். இனி என் தொழில் சம்பந்தப்பட்டது, இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும்.

தர்மபுரியில் கட்டுகிற வீட்டுக்கும் எங்கள் பக்கத்துத் தலைஞாயிறில் கட்டுகிற வீட்டுக்கும் அரசு கொடுப்பது ஒரே தொகை. தர்மபுரிக்காரர் மூன்றடி தோண்டினால் கெட்டித் தரை வந்துவிடும், கருங்கல் கூப்பிடு தூரத்தில் கிடைக்கும். எங்களுக்கு ஐந்தடி தோண்டினாலும் களிதான். மழையில் ஊதும், சித்திரை வெயிலில் பாளம் பாளமாக வெடிக்கும், மேலே நிற்கிற சுவரையும் சேர்த்துக்கொண்டு வெடிக்கும். அதனால் களியை அள்ளிப் போட்டுவிட்டு மணல் நிரப்பித் தண்ணீர் விட்டு இறுக்க வேண்டும், மேலே சுற்றிலும் பெல்ட் காங்கிரீட் ஓட்ட வேண்டும். அந்த மணலுக்கு எங்கே போவது? ஆற்றுக்கரையிலேயே குடியிருந்தாலும் ஆற்று மணல் எங்கள் கைக்கு எட்டாது, பாறையை உடைத்து அரைத்த எம்-சாண்ட் லாரியில் வர வேண்டும். ஜல்லி அப்படியே. டெல்டாவில் மருந்துக்கும் பாறை கிடையாது, ஒவ்வொரு லோடும் புதுக்கோட்டை, திருச்சி, பெரம்பலூர் பக்கத்திலிருந்து வருகிறது, லாரி வாடகை பொருளின் விலையையே எட்டிப் பிடிக்கிறது. அப்புறம் கடைசி அரை மைல் லாரி போகாது, வாய்க்கால் கரையில் டிராக்டரிலோ தலைச்சுமையாகவோதான். பேஸ்மட்டம் எழும்புவதற்குள் பயனாளி தண்டல்காரரிடமும் மகளிர் குழுக் கடனிலும் விழுந்துவிடுகிறார்.

ஏனென்றால் பணம் முன்னால் வராது. பேஸ்மட்டம் முடித்துப் போட்டோ ஏற்றினால் ஒரு பில், லிண்டல் மட்டத்துக்கு ஒரு பில், ரூஃப் போட்டால் ஒரு பில், எல்லாம் முடிந்ததும் கடைசி பில். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது, பணத்தை வாங்கி வேறு செலவு செய்துவிடக் கூடாது இல்லையா. ஆனால் நடவுக்கு மெஷின், அறுப்புக்கு மெஷின் என்று ஆகி, வருடத்தில் நூறு நாள் வேலையை நம்பி இருக்கிற வீட்டில் முதல் பில் வரும்வரை போடுவதற்கு ரொக்கம் எங்கே இருக்கும்? மகன் திருப்பூரிலிருந்து அனுப்புகிற காசு, காதில் கிடக்கிற தோடு. லிண்டலோடு நின்று போய், உள்ளே நொச்சி முளைத்துக் கிடக்கிற வீடுகள் எங்கள் பக்கம் நிறைய. போகிறவர் வருகிறவர் எல்லாம் அரசு பணத்தைத் தின்றுவிட்டான் என்று அந்த வீட்டுக்காரனைத்தான் பேசுகிறார்கள்.

வேலை உத்தரவு வருகிற மாதமும் ஒரு கூத்து. இங்கே வீடு கட்டுவதற்குத் தோதான காலம் தை அறுவடை முடிந்து ஆனி வரைக்கும்தான். ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தார்கள் என்றால் கொஞ்ச நாளில் வாய்க்கால்களில் தண்ணீர் வந்துவிடும், பாதை ஈரமாகிவிடும், ஆட்கள் வயலுக்குப் போய்விடுவார்கள். எங்கள் கைக்கு ஆர்டர் பெரும்பாலும் ஆவணி புரட்டாசியில் வருகிறது. குழி தோண்டினால் ஐப்பசியில் அது குளம். விவசாயத்துக்குப் பட்டம் பார்க்கத் தெரிந்த அரசுக்கு வீட்டுக்கும் ஒரு பட்டம் இருப்பது தெரிய வேண்டாமா?

தொகுப்பு வீடுகளில் கான்கிரீட் பெயர்ந்து தூங்குகிற பிள்ளை மேல் விழுந்தது என்று செய்தி வரும்போதெல்லாம் ஒப்பந்தக்காரர் சிமெண்டைத் திருடிவிட்டார் என்று எழுதுகிறீர்கள். திருடியிருக்கலாம், இல்லை என்று சத்தியம் செய்ய நான் தயாரில்லை. ஆனால் இன்னொரு காரணமும் இருக்கிறது. கடலை ஒட்டின பகுதிகளில் நிலத்தடி நீர் உப்பு. அந்தத் தண்ணீரிலேயே கலவை போட்டு, அதையே ஊற்றி கியூரிங் செய்து, கம்பிக்குக் கீழே அரை விரல் கனத்துக்கு மட்டும் கான்கிரீட் விட்டால், உள்ளே கம்பி துருப்பிடித்து ஊதும். ஊதினால் கான்கிரீட்டைப் பிளக்கும். தொட்டுப் பார்த்தால் பாளமாகக் கையோடு வரும். நல்ல தண்ணீர் லாரியில் வாங்கிக் கட்டுவதற்கு எந்த எஸ்டிமேட்டிலும் காசு ஒதுக்கியதை நான் பார்த்ததில்லை.

கழிப்பறையும் அப்படித்தான். 12 ஆயிரம் ரூபாயில் உறை இறக்கி உறிஞ்சு குழி போட்டுக் கொடுத்தார்கள். மேட்டு நிலத்துக்கு அருமையான யோசனை. எங்கள் பக்கம் ஐப்பசியிலிருந்து மார்கழி வரை ஒரு முழம் தோண்டினாலே தண்ணீர், குழி எங்கே உறிஞ்சும்? உள்ளே இருப்பது வெளியே வரும். பக்கத்திலேயே அடிபம்பு. அப்போது பெண்கள் எங்கே போவார்கள் என்று கேட்காதீர்கள், எல்லாப் பக்கமும் தண்ணீர், காய்ந்து கிடக்கிற ஒரே இடம் அந்தக் கரைதான். சாவு விழுந்தால் இன்னும் மோசம், சுடுகாட்டுக்குப் பாதை இல்லாமல் விளைந்த வயலில் இறங்கி, வாய்க்காலில் நெஞ்சளவு நீந்தித்தான் பாடையைத் தூக்கிப் போகிற ஊர்கள் இன்னும் இருக்கின்றன.

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் வேதாரண்யத்துக்கும் நாகைக்கும் நடுவில் கரையேறியபோது இந்தக் குடிசைகள் என்ன ஆயின என்று உங்கள் பத்திரிகையே படம் போட்டது. தென்னை விழுந்ததை உலகம் பேசியது. தென்னை விழுந்தால் கீற்றும் போயிற்று, அதற்குப் பிறகு கூரை வேய்வதே பெரிய செலவு, அதனால்தான் நான் மேலே சொன்ன தார்ப்பாயும் பேனரும். 2022 நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் 44 சென்டிமீட்டர் மழை கொட்டியது. புயலுக்கும் வெள்ளத்துக்கும் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய்த் தங்கவைத்துச் சோறு போடுகிறார்கள், அதில் குறை இல்லை, தாசில்தார் முதல் தலையாரி வரை அந்த இரண்டு மூன்று நாள் தூங்காமல் வேலை பார்ப்பார்கள். தண்ணீர் வடிந்ததும் எல்லோரும் அதே கரைக்குத் திரும்பிப் போகிறார்கள்.

நீர்நிலைப் புறம்போக்கில் பட்டா கொடுக்கக் கூடாது என்று நீதிமன்றம் திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டது. அது சரியென்றுதான் நானும் நினைக்கிறேன், வடிகால் அடைபட்டால் முதலில் மூழ்குவது எங்கள் சம்பாப் பயிர்தான். அதனால் கரையிலேயே பட்டா கொடு என்று கேட்கவில்லை. 2025 பிப்ரவரியில், பட்டா தரத் தடை இருந்த சென்னையைச் சுற்றிய பெல்ட் ஏரியாவிலும் மற்ற நகரங்களிலுமாக 86 ஆயிரம் பேருக்குப் பட்டா தர அமைச்சரவை முடிவெடுத்தது, பெல்ட் ஏரியாவில் 1962-லிருந்து இழுத்த அந்தச் சிக்கலை அவிழ்த்தார்கள். நகரத்துக்கு அவ்வளவு யோசிக்க முடிகிறதென்றால், கரையில் இருப்பவருக்கு அதே ஊரில், வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடந்து போகிற தூரத்தில் மாற்று மனை கொடுக்க முடியாதா? நிலமில்லாத பயனாளிக்கு மாநில அரசு மனை ஏற்பாடு செய்ய வேண்டும் என்று பிரதமர் வீட்டுத் திட்டத்தின் விதியிலேயே இருக்கிறது. ஆதிதிராவிடர் நலத்துக்கு நிலம் எடுக்க 1978-லேயே தனிச் சட்டம் இருக்கிறது. கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் அம்மா அரசாங்கம் இல்லை, ஆட்பலம் பணபலம் இல்லை, பண்ணையார்களிடம் பேசி விலைக்கு வாங்கி ஏக்கர் ஏக்கராகப் பெண்கள் பெயரில் எழுதி வைத்தார். அரசால் மூன்று சென்ட் முடியாதா?

நஞ்சையில் மனை போட முடியாது, வேளாண் மண்டலம் என்று பதில் சொல்வார்கள். 2020 வேளாண் மண்டலச் சட்டம் எண்ணெய், எரிவாயுத் திட்டங்களைத் தடுக்க வந்தது, ஏழைக்கு மூன்று சென்ட் கொடுப்பதைத் தடுக்க இல்லை. பைபாஸ் ஓரமாகப் போய்ப் பாருங்கள், போன வருடம் வரை நெல் விளைந்த இடத்தில் கலர் கலராகக் கொடி நட்டு 'நகர்' என்று ஆர்ச் வைத்திருக்கிறார்கள்.

பட்டா கொடுத்தால் விற்றுவிடுவார்கள் என்று சொல்பவர்களும் உண்டு. விற்க முடியாதபடி நிபந்தனை போடுங்கள், பெண் பெயரில் கொடுங்கள்.

நான் கேட்பது இதுதான். அடுத்த பட்டியல் எடுக்கும்போது பட்டா இல்லாத குடிசையை விட்டுவிடாமல் தனியாக எண்ணி, ஊராட்சி வாரியாக வெளியிட வேண்டும். மனையை அரசே வாங்கி, அரசே மேடாக்கி, கல் நட்டு, பாதையும் வடிகாலும் போட்ட பிறகு பட்டாவைக் கொடுக்க வேண்டும். டெல்டா மாவட்டங்களுக்கு அஸ்திவாரத்துக்கும் மேடாக்குவதற்கும் கூடுதல் தொகை, முதல் பில்லில் ஒரு பங்கு முன்பணம், வேலை உத்தரவு தை மாதத்தில். இதில் எதற்கும் புதுச் சட்டம் வேண்டியதில்லை.

உங்கள் நிருபரை ஒரு தடவை அனுப்புங்கள். தையில் அனுப்பினால் எல்லாம் பச்சைப்பசேல் என்று இருக்கும், பொங்கல் படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார். கார்த்திகையில் அனுப்புங்கள், செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நடக்கத் தயாராக வரச் சொல்லுங்கள். நான் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு கொத்தனார்,
திருத்துறைப்பூண்டி வட்டம்.